ஆமை புகாத மனை

ஒரு காட்டில் அஞ்சலை என்றொரு ஆமை, குட்டையோரம் உட்கார்ந்து மத்தியானக் குழம்புக்குப் பாசி அலசிக்கொண்டிருந்தது. மூன்றாவது தண்ணீர் மாற்றும்போது அதன் புருஷன் சடையன் வாயில் ஒரு கவரைக் கவ்விக்கொண்டு வந்தது. தபால் பெட்டி எதிர்க்கரையில்தான். ஆனாலும் சடையன் முந்தாநாள் கிளம்பியிருந்தது.

"அஞ்சல, பட்டணத்துல வேலை கெடச்சிருச்சு. பெரிய ஆபீஸு."

"என்ன வேலைங்க?"

"ஃபைலை முதுகுல வச்சு ஒரு மேசைலேருந்து அடுத்த மேசைக்குக் கொண்டுபோறது. எனக்கு முன்னாடி ஒரு மொசலு இருந்துச்சாம். காலையில குடுத்ததைக் காலையிலேயே கொண்டுபோய் வச்சிருச்சாம். அதனால அங்க எல்லாரும் வேலை பாக்க வேண்டியதாப் போச்சாம். தூக்கிட்டாங்க."

அஞ்சலைக்குச் சந்தோஷம்தான். ஆனால் வயிற்றில் பதினோரு முட்டை. இன்னும் எட்டே நாள். ஆமை முட்டையிடக் கட்டில் வேண்டாம், கூரை வேண்டாம். வெயில் விழுகிற இடத்தில் கால் புதையும் அளவுக்கு மணல் வேண்டும். இட்ட பிறகு மூன்று மாதம் அதை யாரும் கிளறக்கூடாது. அவ்வளவுதான். பட்டணத்திலோ எல்லாம் சிமெண்டு என்று கேள்வி. அஞ்சலை நாலு பேர் முன்னால் பேசிப் பழகாத பிறவி. யாராவது உரக்கக் கேட்டால் தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனால், "மணல் உள்ள ஏரியாவாப் பாருங்க" என்று மட்டும் சொன்னது.

கரடி ஓட்டிய முட்டைக்கோசு லாரியில் ஏறி மறுநாள் பட்டணம் சேர்ந்தன. நடந்து போயிருந்தால் பேத்திதான் வேலையில் சேர்ந்திருக்கும்.

சடையன் ஆபீஸ் படியில் ஏற ஆரம்பித்தது. வீடு பார்க்கிற பாரம் அஞ்சலை தலையில் விழுந்தது. வீட்டுத் தரகர் ஒரு ஓணான். எதைக் கேட்டாலும் தலையாட்டும்.

"தண்ணி வருங்களா?"

ஆட்டியது.

"வெயில் அடிக்குங்களா?"

ஆட்டியது.

"மணல்..?"

"மணலா! இங்க பாருங்க அக்கா" என்று ஓணான் போனை நீட்டியது. போட்டோவில் வாசல் நிறைய மணல். அஞ்சலைக்குக் கண் கலங்கிவிட்டது. போய்ப் பார்த்தால் அது பக்கத்து வீட்டுக்காரர் மாடி கட்டக் கொட்டியது. காலையில் இருந்தது, சாயங்காலம் சுவராகிவிட்டது.

அந்த வீட்டுக்காரியம்மா ஒரு பசு. கேட்டைத் திறக்காமலே பேசியது.

"ஆமைங்களா? தப்பா எடுத்துக்காதேம்மா. 'ஆமை புகுந்த வீடு உருப்படாது'ன்னு ஒரு சொல்லு இருக்குல்ல? எனக்கு அதுலெல்லாம் நம்பிக்கையே கெடையாது. எங்க வீட்டுக்காரருக்குத்தான்."

உள்ளேயிருந்து காளையின் குரல் வந்தது: "எனக்கு இல்ல. எங்க அம்மாவுக்கு."

"அவங்க செத்துப் பன்னெண்டு வருஷமாச்சும்மா" என்று பசு மெதுவாகச் சொன்னது. "அவங்க மனசு நோகக்கூடாது பாரு."

அடுத்து ஆந்தை வீடு. ஆந்தை நல்ல மாதிரி. உட்காரச் சொல்லித் தண்ணீர்கூடக் கொடுத்தது, வெளியே வைத்து.

"உன் கஷ்டம் எனக்குப் புரியுதும்மா. நான் கத்துனா யாரோ சாகப்போறாங்கன்னு எனக்கே தெருவுல பேரு கெட்டுக் கெடக்கு. இதுல நீயும் வந்தா தெரு தாங்காது. உன்னை மாதிரி ஆளுங்களுக்கு வேற ஏரியா இருக்கும், பாரேன்."

மூன்றாவது இடம் அடுக்குமாடி. அங்கே சொல்லெல்லாம் இல்லை, ஃபாரம்தான். குடும்ப அட்டை நகல், வேலைக் கடிதம், போட்டோ இரண்டு. கடைசிக் கேள்வி இப்படி இருந்தது: 'இதற்கு முன் புகுந்த வீடுகள், அவற்றின் தற்போதைய நிலை.'

அஞ்சலை நாலாவதுவரை படித்தது. எழுத்துக் கூட்டி நிதானமாக எழுதியது: 'இதற்கு முன் புகுந்த வீடு, என் ஓடு. நன்றாக இருக்கிறது.'

ஃபாரம் பரிசீலனையில் இருப்பதாகச் சொன்னார்கள். எந்த ஆபீஸில் என்று கேட்டதற்குச் சடையனின் ஆபீஸைச் சொன்னார்கள். அஞ்சலை நம்பிக்கையை விட்டது.

ஏழாம் நாள். வயிறு தரையில் இழுபட்டது. ஓணானும் போனை எடுப்பதை நிறுத்திவிட்டது. அஞ்சலை தன்னந்தனியாக ஒரு பெரிய தெருவில் போய்க்கொண்டிருந்தபோது மூக்கில் ஒரு வாசனை ஏறியது. நிஜமான ஆற்று மணல். மூலை மனை ஒன்றில் அது குவிந்து கிடந்தது. பக்கத்திலேயே மூன்று மாடிப் புது வீடு. வாசலில் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். விடிந்தால் கிரகப்பிரவேசம்.

அஞ்சலை கேட்டோரம் நின்று மணலையே பார்த்தது. கேட்க வாய் வரவில்லை. அதற்குள் வீட்டுக்கும் மனைக்கும் சொந்தக்காரரான காட்டெருமை மாடியிலிருந்து கத்திக்கொண்டே இறங்கி ஓடி வந்தது.

"நில்லு! அங்கயே நில்லு!"

"நிக்கத்தாங்க செய்யறேன்."

"உள்ள வராத!"

"வரலைங்க."

"மூஞ்சி வீட்டுப் பக்கம்தானே இருக்கு? யாரு அனுப்புனா? என் தம்பிதானே? பாகத்துல கொறை வச்சேன்னு ஆமையை ஏவி விடறானா?"

அஞ்சலை பயத்தில் தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. பதில் வராததைக் கண்டு காட்டெருமைக்கு வியர்த்துவிட்டது. கடன் வாங்கிக் கட்டிய வீடு.

"தாயி, உனக்கு என்ன வேணும்னு சொல்லு. குடுத்துர்றேன். வாசப்படியை மட்டும் மிதிச்சிராத."

ஓட்டுக்குள்ளிருந்து ரொம்பச் சின்னதாக ஒரு குரல் வந்தது.

"கொஞ்சம் மணலுங்க."

அன்றைக்கே ஸ்டாம்பு பேப்பர் வந்தது. மூலை மனையும் அதிலுள்ள மணலும் அஞ்சலை அனுபவிக்க வேண்டியது. பதிலுக்கு அஞ்சலை எந்த வீட்டுக்குள்ளும் எந்தக் காலத்திலும் புகாமல் இருக்க வேண்டியது. எங்கிருந்தோ ஓணான் வந்து சாட்சிக்குத் தலையாட்டிவிட்டு, இரண்டு பக்கமும் தரகு கேட்டது. அஞ்சலை குழி தோண்டிப் பதினோரு முட்டையும் இட்டு மூடியது. ஊரில் யாரும் வீடு கொடுக்காத ஆமைக்கு, ஊரிலேயே நல்ல ஏரியாவில் மனை அமைந்தது.

விஷயம் பரவியது. வாடகை ஏற்றுகிற வீட்டுக்காரர்களின் வாசலில் அஞ்சலையைக் கொஞ்ச நேரம் நிற்கச் சொல்லிக் குடித்தனக்காரர்கள் வந்து கூப்பிட ஆரம்பித்தார்கள். அது நிற்கும். யாரும் ஏற்ற மாட்டார்கள். தெருவே அஞ்சலையை அக்கா என்றது.

முட்டையிட்டு நாற்பதாம் நாள் கொக்கு வாத்தியார் வந்தார். மூடநம்பிக்கை ஒழிப்புச் சங்கத்தின் தலைவர். ஒரே வெள்ளைச் சட்டை.

"அம்மா, உங்க இனத்துக்கு நடந்த அநியாயத்தைப் பத்து வருஷமா மேடையில பேசிக்கிட்டிருக்கேன். ஞாயித்துக்கிழமை நீங்க என் வீட்டுக்குள்ள வரணும். கூடத்துல உக்காந்து எங்களோட காப்பி குடிக்கணும். அதுக்கப்புறமும் என் வீடு நல்லா இருக்கறதை ஊரே பாக்கட்டும். அந்தச் சொல்லு அன்னைக்கோட ஒழியும்!"

பட்டணம் வந்து அஞ்சலை கேட்ட முதல் 'உள்ள வாங்க' அதுதான். 'வர்றேங்க' என்று சொல்ல வாயைத் திறந்தபோது மதிலுக்கு அந்தப் பக்கம் கண் போனது. காட்டெருமை காதைத் தூக்கிக் கேட்டுக்கொண்டிருந்தது. அதன் கையில் அளவு டேப். பார்வை மூலை மனையில்.

அஞ்சலை வாழ்க்கையில் முதல் முறையாகச் சத்தம் போட்டுப் பேசியது.

"வேண்டாங்க ஸார்! நான் புகுந்த வீடு எதுவும் உருப்பட்டதே இல்ல. போன வருஷம் ஒரு வீட்டுக்குள்ள எட்டித்தான் பாத்தேன். கூரையே எறங்கிருச்சு!"

காட்டெருமை டேப்பைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டது.

"மூடநம்பிக்கை ஒழிக!" என்று சொல்லிக்கொண்டே கொக்கு வாத்தியார் இரண்டடி பின்னால் போனார். பிறகு, ஞாயிற்றுக்கிழமை வேறு ஒரு கூட்டம் இருப்பது நினைவுக்கு வந்து பறந்துவிட்டார்.

ஆபீஸிலிருந்து திரும்பிய சடையனிடம் அஞ்சலை நடந்ததைச் சொன்னது.

"ஒருத்தராவது மரியாதையாக் கூப்புட்டாரு. போயிருக்கலாம்ல, அஞ்சல?"

அஞ்சலை மணலைக் காலால் மெல்லத் தட்டிவிட்டது. "எனக்கும் ஆசைதாங்க. குஞ்சுங்க எல்லாம் வெளிய வந்து நடந்துருச்சுன்னு வைங்க, ஒரு நாள் ஸார் வீட்டுக் கூடத்துல போய் உக்காந்து, நாலு பேரு பாக்க, ஒரு டம்ளர் காப்பியை நான் பாட்டுக்கு..."

"அஞ்சலக்கா!" என்று வெளியிலிருந்து அணில் கூப்பிட்டது. "எங்க வீட்டுக்காரர் வாடகை ஏத்தறாராம். கொஞ்சம் வந்து நில்லுங்களேன்!"

நீதி: நம்மைப் பற்றி ஊர் சொல்வது பொய் என்று தெரிந்தாலும், முட்டை பொரிக்கும்வரை அதை மறுக்காதே.