கம்பானியன்

சும்மா உட்கார்ந்திருப்பதற்கென்றே சம்பளத்துக்கு அமர்ந்து, அதில் ஒரு நாள்கூட லீவு போடாமல் பன்னிரண்டு வருஷம் உழைத்த மனிதர் திருச்சி ஜில்லாவிலேயே ஒருவர்தான். அரசாங்க ஆபீஸ்களை நான் இதில் சேர்க்கவில்லை. அங்கே லீவு போடுகிறார்கள்.

ஐம்பதுகளின் கடைசி. புத்தூரில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் நான் ஜாப் டைப்பிங் செய்துகொண்டிருந்தேன். ஊரில் யாருக்கு என்ன மனு வேண்டுமானாலும் இங்கிலீஷில் அடித்துக் கொடுப்பது என் வேலை. ஜாகை பாலக்கரையில் ஒரு லாட்ஜ். சித்திரை மாதத்து வெயிலில் ஒரு நாள், கோட்டு, வெள்ளைக் கால்சட்டை, நெற்றியில் மெல்லிசாக ஸ்ரீசூர்ணம், கையில் மடக்கிய குடை, இத்தனையோடும் ஒருவர் அங்கே வந்து இறங்கினார். வயது நாற்பத்தைந்து இருக்கும். சொந்த ஊர் ஸ்ரீரங்கம். வந்தது பினாங்கிலிருந்து.

மேனேஜர் ரிஜிஸ்டரைத் திறந்தார்.

"தொழில் என்னங்க?"

"கம்பானியன்."

"எந்தக் கம்பெனிங்க?"

"கம்பெனி இல்லை. கம்பானியன். பினாங்குல ஒரு துரைக்குக் கூட இருக்கறது."

"கூட இருந்து என்ன செய்வீங்க?"

"கூட இருப்பேன்."

மேனேஜர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, 'கம்பெனி' என்று எழுதிக்கொண்டார். அன்று முதல் அவர் எங்களுக்குக் கம்பெனி சார். மனு அடித்தவன் என்ற முறையில் அவருடைய நிஜப் பெயர் எனக்குத் தெரியும். அதை இங்கே எழுதுவதாக இல்லை.

ஸ்ரீரங்கத்தில் வீடு இருக்க லாட்ஜ் எதற்கு என்று கேட்பீர்கள். அம்மா காலமாகி, காரியம் செய்ய வந்தவர் அவர். வருஷாப்தீகம் முடிகிற வரைக்கும் இருந்து, மாதாமாதம் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டுத்தான் போவது என்று தங்கை வேதவல்லிக்கு வாக்குக் கொடுத்திருந்தார். தங்கையோ, வருஷம் முடிந்ததும் அண்ணாவுக்குக் கல்யாணத்தையும் முடித்துவிடுவது என்று தனக்குத்தானே வாக்குக் கொடுத்துக்கொண்டாள். இலையில் சாத்தமுது விழுவதற்கு முன்னால் ஜாதகம் விழுந்தது. மனிதர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பாலக்கரைக்கு ஓடி வந்துவிட்டார்.

வெள்ளைக்காரச் சகவாசம் அவரை என்ன பாடு படுத்தியிருந்தது என்பதைப் பஸ் ஸ்டாப்பில் பார்க்க வேண்டும். பஸ் வந்ததும் ஒரு பக்கமாக ஒதுங்கி நின்று, "நீங்க மொதல்ல ஏறுங்கோ" என்பார். திருச்சியில் அப்படிச் சொன்னால் ஏறுவதற்கு ஆளா இல்லை? காய்கறிக் கூடை, ஆட்டுக்குட்டி, பாத்திர மூட்டை எல்லாம் ஏறும். பஸ் போய்விடும். அடுத்த பஸ்ஸுக்கும் அதே மரியாதை. ஒரு நாள் காலை எட்டு மணிக்கு நின்றவரைப் பதினொரு மணிக்கும் அதே இடத்தில் பார்த்த கண்டக்டருக்குப் பொறுக்கவில்லை.

"சாமி, நீங்க ஊருக்குப் போறீங்களா, இல்ல எங்களை வழியனுப்ப வந்திருக்கீங்களா?"

ஆனால் தொழில் என்று வந்துவிட்டால் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் ஃபிட்டராக இருந்த அந்தோணி எங்கள் லாட்ஜ்காரன்தான். மஞ்சள் காமாலையில் படுத்தான். கம்பெனி சார் யாரும் கேட்காமலே அவன் ரூமுக்குப் போய் நாற்காலியைப் போட்டுக்கொண்டார். போடுவதிலும் ஒரு முறை இருந்தது. நேர் எதிரே போடக்கூடாது, நோயாளி நம் முகத்தையே பார்க்க வேண்டியிருக்கும். தலைமாட்டிலும் கூடாது, ஆள் இருக்கிறாரா என்று திரும்பித் திரும்பிப் பார்ப்பான். இடுப்புக்கு நேராக, கொஞ்சம் சாய்வாகப் போட வேண்டும். "இப்ப எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்கவே கூடாது. பேப்பரை உரக்கப் படிக்கலாம், மரண அறிவிப்புகளைத் தாண்டிவிட வேண்டும். அவன் தூங்கினாலும் எழுந்து போகக்கூடாது. விழிக்கிறபோது கண்ணில் ஓர் ஆள் பட வேண்டும்.

"சார் ஒண்ணுமே பேச மாட்டேங்கிறாருங்க" என்றான் அந்தோணி என்னிடம். "ஆனா அவரு எழுந்து டீ குடிக்கப் போனா எனக்கு வாந்தி வருது."

அந்தோணி எழுந்து நடமாடியதும் லாட்ஜில் அவனவன் போட்டி போட்டுக்கொண்டு காய்ச்சலில் படுத்தான்.

இதற்கிடையில் வேதவல்லி விடவில்லை. சித்திரை வீதியில் ஒரு வீட்டுக்கு அண்ணாவைப் பெண் பார்க்க இழுத்துக்கொண்டு போய்விட்டாள். பெண்ணின் அப்பா ரிடையரான தபால் மாஸ்டர். வாதத்தில் கால் முடங்கி, பேச ஆளில்லாமல் இருந்தவர். கம்பெனி சார் அவருக்கு இடுப்புக்கு நேராக, கொஞ்சம் சாய்வாக உட்கார்ந்தார். நாலு மணி நேரம் ஆயிற்று. பெண் வந்து சேவித்துவிட்டு உள்ளே போனதை இருவருமே கவனிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் தங்கை கேட்டாள்.

"பிடிச்சிருக்கா அண்ணா?"

"ரொம்பப் பிடிச்சிருக்கு. என்ன அழகாப் பேசறார்!"

வேதவல்லி ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. தபால் மாஸ்டரோ, பெண்ணைக் கட்டிக்கொள்ளாவிட்டால் பரவாயில்லை, புதன்கிழமைதோறும் வந்து போகச் சொல்லுங்கள் என்று ஆள் அனுப்பினார்.

சனிக்கிழமைகளில் கம்பெனி சார் என் இன்ஸ்டிட்யூட்டுக்கு வருவார். துரைக்குக் கடிதம் அடிக்க வேண்டும். துரைக்குக் கண் மங்கல், கையால் எழுதினால் படிக்க முடியாது. அதனால் முழுக்கக் கேப்பிடல் எழுத்திலேயே அடிக்கச் சொல்லுவார். கேப்பிடலில் அடித்தால் எந்தச் சமாசாரமும் தந்தி மாதிரி அலறும். 'மாடிப்படியில் மூன்றாம் படி ஆடுகிறது, பார்த்து இறங்கு.' 'மழை நாளில் என்னுடைய கம்பளியையும் சேர்த்துப் போர்த்திக்கொள்.' 'கட்டிலில் என் பக்கத்து ஜன்னலைச் சாத்திவிட்டுத் தூங்கு.' முதல் கடிதம் அடிக்கும்போது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நாலாவதில் விளங்கிற்று. விரல் தடுமாறி இரண்டு எழுத்து தப்பாக அடித்தேன். ஏழாவதில் பழகிவிட்டது.

இன்றைக்கு இதற்கெல்லாம் பெயர் இருக்கிறது, பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். அன்றைக்கு எங்களிடம் பெயர் இல்லை. வசவுதான் இருந்தது. அதை அவர்மேல் போட எனக்கு வாய் வரவில்லை.

எனக்கு விளங்கிவிட்டது என்பது அவருக்கும் விளங்கியிருக்க வேண்டும். ஒரு நாள் அவராகவே சொன்னார். துரை ரப்பர் தரகர். பினாங்கு மலைமேல் பங்களா. அதே மலையில் இப்படி இன்னும் மூன்று வீடு. ஒரு வீட்டில் டச்சுக்காரரும் அவருடைய சீன சிநேகிதரும். ஞாயிற்றுக்கிழமை எட்டுப் பேரும் சேர்ந்து சீட்டு ஆடுவார்கள். யாராவது உத்தியோகஸ்தர்கள் வந்துவிட்டால் நாலு பேர் எழுந்து நின்றுகொள்வார்கள், சம்பளக்காரர்கள் மாதிரி.

"மாதிரின்னா? சம்பளம் கிடையாதுங்களா?"

"உண்டே. ஒண்ணாந்தேதி கவர்ல போட்டுக் குடுப்பார். சம்பளம் வாங்கினா உத்தியோகம். வாங்காட்டா போலீஸ் வரும். முப்பதாந்தேதி நான் அதே கவரை அவர் மேஜைமேல திருப்பி வெச்சுடுவேன். பன்னிரண்டு வருஷமா ஒரே கவர்தான்."

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது பினாங்கிலிருந்து பக்கத்து பங்களா டச்சுக்காரரின் கடிதம் வந்தது. துரைக்குப் பக்கவாதம். உடனே புறப்பட்டு வரவும்.

புறப்பட முடியவில்லை. அவருடைய பாஸ்போர்ட் காலாவதியாகியிருந்தது. புதிதாக வாங்க வேண்டும். மலாயாவிலோ, அங்கே வேலை உள்ளவனைத்தான் உள்ளே விடுவார்கள். அது என்ன வேலை என்று பாஸ்போர்ட்டில் இருக்க வேண்டும். 'தொழில்: கம்பானியன்' என்று நான் அடித்த மனு, அப்படி ஒரு தொழில் கிடையாது என்று சிவப்பு மசியில் எழுதித் திரும்பி வந்துவிட்டது.

"பட்லர்னு போட்டுடலாங்க" என்றேன்.

"நான் ஒரு நாளும் அவருக்குக் காபி கலந்தது கிடையாது. அவர்தான் எனக்குக் கலந்து குடுப்பார்."

"சரி, செக்ரடரி?"

"அவருக்கு வர்ற தபாலை நான் பிரிக்கறதே இல்லை. அது மரியாதை இல்லை."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "சார், துரை போய்ச் சேர்றதுக்குள்ள நீங்க போய்ச் சேரணுமா, வேண்டாமா?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது.

"போணும். ஆனா இன்னொரு பொய்யைச் சொல்லிண்டு அவர் எதிர்ல போய் நிக்க முடியாது. இத்தனை வருஷமா ஊருக்குச் சொன்ன பொய்யே போறும். 'கம்பானியன்'ங்கற ஒரு வார்த்தைதான் எங்க ரெண்டு பேருக்கும் நிஜம். அதையே அடிங்கோ."

அடித்தேன். இதுவும் திரும்பி வரும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

பதினைந்து நாள் கழித்து ஒரு ஹெட் கான்ஸ்டபிள் மனுவை எடுத்துக்கொண்டு விசாரணைக்கு லாட்ஜுக்கு வந்தார். பல்வலி. கன்னத்தில் ஒரு கையை வைத்துக்கொண்டே கேள்வி கேட்டார்.

"என்ன தொழிலு?"

"கம்பானியன்."

"கம்பவுண்டரா?"

"இல்லை, கம்பா..."

மேனேஜர் குறுக்கே பாய்ந்தார். "ஆமாங்க! துரை வாதத்துல படுத்திருக்காருங்க. அதுக்குத்தான் இவரைக் கூப்பிட்டு எழுதியிருக்காங்க."

"எனக்குக் காமாலை வந்தப்ப இவருதாங்க பார்த்துக்கிட்டாரு" என்றான் அந்தோணி. மேனேஜரின் அந்த 'ஆமாங்க'வைக் கழித்துவிட்டால், இரண்டு பேர் சொன்னதிலும் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை.

ஹெட் கான்ஸ்டபிள் மனுவை ஒரு பார்வை பார்த்தார். "கம்பவுண்டருக்கு ஸ்பெல்லிங் தெரியாதவன்லாம் டைப் அடிக்க வந்துட்டான்யா" என்று முனகிக்கொண்டே, நான் அடித்ததை அடித்துத் திருத்தி, ஓரத்தில் கையெழுத்தும் போட்டுக்கொண்டு போய்விட்டார். என் தொழில் கௌரவம் என் கண்ணெதிரே போயிற்று. நான் மூச்சு விடவில்லை.

கம்பெனி சாருக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. "நாளைக்கே ஸ்டேஷனுக்குப் போய் நிஜத்தைச் சொல்லிடப் போறேன்" என்றார். மறுநாள் காலை ஆளைக் காணோம். தொலைந்தது காரியம் என்று நானும் மேனேஜரும் ஸ்டேஷனுக்கு ஓடினோம். அங்கே இல்லை. என் இன்ஸ்டிட்யூட்டுக்குப் பக்கத்தில் இருந்த டாக்டரின் கிளினிக்கில், கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, மிக்ஸ்சர் அளந்து ஊற்றிக்கொண்டிருந்தார்.

"என்ன சார் இது?"

"எழுதினதைத் திருத்த முடியலை. என்னைத் திருத்திக்கறேன்."

ஒரு மாதம் தொழில் கற்றார். ரோஸ் கலர் மிக்ஸ்சர் பாட்டிலில், வேளைக்கு இவ்வளவு என்று காட்டக் காகிதத்தைப் பல் பல்லாக வெட்டி ஒட்டுவார்கள். அவர் ஒட்டியதை அளவுகோல் வைத்து அளந்தாலும் மயிரிழை பிசகாது. ஊசி போடுவது மட்டும் லேசில் வரவில்லை. லாட்ஜ் மெஸ்ஸில் கத்தரிக்காய் வாங்கி வைத்துக் குத்திக் குத்திப் பழகினார். குத்துவதற்கு முன் கத்தரிக்காயிடம் "பார்டன்" என்று சொன்னதை நானே கேட்டிருக்கிறேன். அந்த மாதம் முழுக்க மெஸ்ஸில் கத்தரிக்காய்க் கறியை யாரும் தொடவில்லை. கடைசியில், இவருக்குக் கம்பவுண்டர் வேலை தெரியும் என்று டாக்டர் சர்ட்டிபிகேட் கொடுத்தார். நான்தான் அடித்தேன். ஸ்பெல்லிங்கை மூன்று தடவை சரிபார்த்தேன்.

பாஸ்போர்ட் வந்தது. அதற்குள் வருஷாப்தீகமும் ஆகியிருந்தது. துரை இருக்கிறாரா, இல்லையா என்று மட்டும் பினாங்கிலிருந்து ஒரு வரி வரவில்லை. கப்பல் நாகப்பட்டினத்திலிருந்து. திருச்சி ஜங்ஷனில் அவரை ரயில் ஏற்ற லாட்ஜே போயிருந்தது. வேதவல்லியும் ஸ்ரீரங்கத்திலிருந்து இரண்டு ஜாடியோடு வந்துவிட்டாள்.

"அண்ணா, புளிக்காய்ச்சல். கெடாது. இது உனக்கு. இது அவருக்கு, மொளகா பாதிதான் போட்டிருக்கேன்."

கம்பெனி சார் தங்கையைப் பார்த்தார். "அவருக்கா?"

"ஏன், சாப்பிட மாட்டாரா?"

"சாப்பிடுவார்" என்றார் கம்பெனி சார். இரண்டு ஜாடியையும் இரு கையாலும் வாங்கிக்கொண்டார். விசில் ஊதியது நல்லதாகப் போயிற்று.

ஒரு மாதம் கழித்து எனக்குக் கடிதம் வந்தது. தமிழில், கையால் எழுதியிருந்தார். 'துரை இருக்கிறார். பேச்சு போய்விட்டது. என் பெயர் ஒன்றுதான் வாயில் வருகிறது. விடிந்ததிலிருந்து அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார். மருந்து நான்தான் கொடுக்கிறேன். வேதவல்லியிடம் சொல்லவும், காரம் போதவில்லையாம், என் ஜாடியைக் கேட்டுக் கையைக் காட்டுகிறார்.'

லாட்ஜில் எல்லோருக்கும் அதைப் படித்துக் காட்டினேன். ஸ்ரீரங்கத்துக்கும் கொண்டுபோய்க் கொடுத்தேன். வேதவல்லி இரண்டு முறை படித்துவிட்டு மிளகாய் வாங்கக் கிளம்பினாள்.

அதற்கப்புறம் அந்த லாட்ஜில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. விழிக்கிறபோது கண்ணில் ஓர் ஆள் பட வேண்டும் என்று எனக்கும் தோன்ற ஆரம்பித்துவிட்டது. இரண்டே மாதத்தில் ரூமைக் காலி செய்துவிட்டேன். தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று மேனேஜரிடம் காரணம் சொன்னேன். காவேரித் தண்ணீர்தான், அதற்கு ஒரு குறையும் இல்லை.