ஒரு 'பா' குறைந்திருந்தால்

திருகோணமலை,
14.02.1973.

பேரன்புக்குரிய முனாப் மச்சான் அவர்கள் சமூகத்துக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கொழும்பில் நீங்களும் மச்சியும் பிள்ளைகளும் நல்ல சுகத்தோடு இருக்க வேண்டுமென்று துஆச் செய்கிறேன். இங்கும் யாவரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் 'யாவரும்' என்று எழுத வீட்டில் என்னைத் தவிர ஆளில்லை. உங்கள் தங்கை றஹ்மா என்னை விட்டுவிட்டுக் கிண்ணியாவுக்கு, உம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். காரணம் வேறு பெண்ணுமில்லை, சூதுமில்லை. ஸ்பெயின்காரருடைய இறந்தகாலம்.

துறைமுகத்தில் ஒரு ஸ்பானியக் கப்பல் இயந்திரம் உடைந்து, உதிரிப்பாகம் வரும்வரை நங்கூரமிட்டுக் கிடப்பது உங்களுக்குத் தெரியும். அதற்கு மரக்கறியும் மீனும் நம்முடைய கடையிலிருந்துதான் போகிறது. அதன் சமையற்காரன் அன்செல்மோ தினமும் கடைக்கு வந்து, வெங்காயச் சாக்கின்மேல் உட்கார்ந்து, அரைகுறை இங்கிலீஷில் தன் ஊரைப் பற்றிக் கதைப்பான். நல்ல மனிதன், ஊர் நினைப்பில் உருகிக்கொண்டிருப்பவன். அவனிடம் பாஷை படித்தால் கப்பல்காரரோடு நேரே கதைக்கலாமே என்று எனக்கு ஆசை வந்தது. நீங்களும் 'படி மச்சான், பாஷை என்ன சோறா கேட்கும்' என்று எழுதினீர்கள். இப்போது சோறு போடவே ஆளில்லை.

அன்செல்மோ முதலில் தந்த சொல் சமைப்பது. அதில் நாம் சமையலறைக்குச் சொல்லும் குசினி அப்படியே இருந்ததால் எனக்கு உடனே பிடித்துவிட்டது. கோசினாபா, கோசினாபாஸ், கோசினாபா, கோசினாபமோஸ், கோசினாபைஸ், கோசினாபான். நான் சமைத்து வந்தேன், நீ சமைத்து வந்தாய், அவள் சமைத்து வந்தாள் என்று அப்படியே போகும். நானென்றாலும் அவளென்றாலும் அதே கோசினாபாதான். இதைக் கேட்ட றஹ்மா, "அப்ப அந்த ஊர்ல ஆம்பிளயளும் சமைக்கிறாங்களோ?" என்று கேட்டுவிட்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். நான் கேள்வி விளங்காதவன் போல இருந்துகொண்டேன். அதே மெட்டில் நடப்பதற்கு ஒன்று, கதைப்பதற்கு ஒன்று, பாடுவதற்கு ஒன்று என்று எல்லாம் 'பா'வில் முடிய, கடையில் உருளைக்கிழங்கு நிறுக்கும்போதும் ஓதினேன், குளிக்கச் சவர்க்காரம் போடும்போதும் ஓதினேன். அன்செல்மோ தன் உம்மா முந்தி எப்படிச் சமைப்பாள், தாங்கள் எப்படிப் பாடுவார்கள் என்பதைத் தவிர வேறொன்றும் கதைத்ததில்லை. ஆகையால் இந்த ஒரு காலம்தான் எனக்கு வந்தது. பாஷையே இவ்வளவுதான் என்று நான் நினைத்துவிட்டேன்.

போன கிழமை கப்பல் கப்டன் கடைக்கு வந்தார். அவரை வீட்டுக்குச் சாப்பாட்டுக்கு அழைக்க வேண்டும், என் மனைவி நன்றாகச் சமைப்பாள் என்று சொல்ல வேண்டும். நெஞ்சை நிமிர்த்தி, "மி முஹேர் கோசினாபா மூய் பியென்" என்றேன். மனிதர் தொப்பியைக் கழற்றினார். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்தார். விருந்தை ஏற்றுக்கொள்ளும் முறை இவர்களுக்கு இதுவாக்கும் என்று நானும் தலையைக் குனிந்தேன். வெள்ளிக்கிழமை பின்னேரம் என்று விரலால் காட்டி முடிவு செய்தோம்.

வெள்ளிக்கிழமை றஹ்மா பாரைமீன் ஆணமும் நெய்ச்சோறும் ஆக்கி வைத்திருக்க, கப்டனும் அன்செல்மோவும் வெள்ளைச் சட்டையில் இன்னும் இரண்டு பேரும் வந்தார்கள். கையில் பெரிய பூவளையம், அதில் கறுப்பு நாடா. றஹ்மா வாசலுக்கு வந்து மகிழ்ச்சியோடு வாங்கி, கூடத்துச் சுவரில் கடிகாரத்துக்குக் கீழே மாட்டினாள். அப்போதுதான் பக்கத்து வீட்டுச் சித்தி பரீதா எட்டிப் பார்த்தாள். அவளைக் கட்டின மாப்பிள்ளை முந்தி வெள்ளைக்காரருடைய கப்பல்தளத்தில் வேலை செய்தவர்.

"இது மையத்துக்கு வைக்கிற பூவெல்லோ. இஞ்ச ஆரு மௌத்து?"

கப்டனோ றஹ்மாவைக் காட்டி யாரென்று கேட்டார். "மி முஹேர்" என்றேன். அவர் முகம் கல்லாகிவிட்டது. பெண்சாதியைப் புதைத்த ஈரம் காயவில்லை, அதற்குள் இன்னொருத்தியா என்று நினைத்திருக்கிறார். கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்தார். இவள்தான் அவள், உயிரோடு இருக்கிறாள் என்று காட்ட நான் றஹ்மாவின் பக்கம் கையை நீட்டி, நடக்கிறாள், கதைக்கிறாள், பாடுகிறாள் என்பதாக நினைத்துக்கொண்டு, "காமினாபா, ஆப்லாபா, கந்தாபா" என்று அடுக்கினேன். நடந்து வந்தாள், கதைத்து வந்தாள், பாடி வந்தாள். கூட வந்தவர்களில் ஒருவன் கண்ணைத் துடைத்தான்.

நல்லவேளை, மணம் பிடித்துக் குசினிக்குள் போயிருந்த அன்செல்மோ மீன்துண்டோடு வெளியே வந்தான். கப்டன் கோபத்தில் படபடவென்று, நடுவே என் 'கோசினாபா'வையும் சேர்த்து அவனிடம் ஏதோ சொல்ல, அவன் மீனையும் விழுங்க முடியாமல் சிரிப்பையும் அடக்க முடியாமல் நிலத்தில் உட்கார்ந்துவிட்டான். பிறகு என்னைப் பார்த்து, "நோ பா. கோசினா" என்றான். அவ்வளவுதான் மச்சான். கடைசிப் 'பா'வை எடுத்துவிட்டால் அவள் இப்போதும் சமைக்கிறாள். கப்டன் சிரித்த சிரிப்பில் கடிகாரம் ஆடியது. எல்லாரும் இரண்டாம் தரமும் சோறு வாங்கிச் சாப்பிட்டார்கள்.

அவர்கள் போனபின் றஹ்மா பூவளையத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னது இவ்வளவே: "ஒரு 'பா'வில என்னக் கபுறுக்குள்ள வெச்சிட்டீங்க."

மறுநாள் காலை பார்க்கிறேன், ஆளில்லை. சாவி சித்தி பரீதாவிடம். கிண்ணியாப் பாதைப்படகில் உங்கள் தங்கை ஏறினதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். பெரியவராகிய நீங்கள் கிடைத்த ரயிலில் வந்து, கிண்ணியாவுக்குப் போய், இவன் முட்டாள், ஆனால் கெட்டவனில்லை என்று எடுத்துச் சொல்லிக் கூட்டிவர வேண்டும். பாஷை படிப்பதை இன்றோடு விட்டேன் என்று நான் சத்தியம் செய்ததாகவும் சொல்லுங்கள். அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளையும் ரயிலில் ஜன்னலோரத்தையும் தருவானாக. மச்சிக்கு என் சலாம். பிள்ளைகளுக்கு முத்தங்கள்.

இப்படிக்கு,
பசியோடும் பணிவோடும்,
ஜெமீல்.

பி.கு.: மச்சான், வர வேண்டாம். முத்திரை ஒட்டும்போது றஹ்மா ஒரு மூட்டை விளாம்பழத்தோடு வந்து நிற்கிறாள். கோபமே இல்லையாம். "தங்கச்சிர பிள்ளைக்குக் காய்ச்சல், பாத்திட்டு வாறன் எண்டு வாசல்ல நிண்டு ரெண்டு தரம் சொன்னனே. நீங்க சுவரப் பாத்து, பா இல்ல, பா இல்ல எண்டு ஓதிக்கிட்டுத் தலையாட்டினீங்க" என்கிறாள். பிள்ளைக்குச் சுகமாம். மௌத்தாகித் திரும்பினவளைப் பார்க்கக் கிண்ணியாப் பெண்கள் எல்லாரும் வந்து சிரித்துவிட்டுப் போனார்களாம். இந்தக் கடிதத்தையும் வாங்கிப் படித்தாள். சத்தியம் செய்த இடத்தில் விரலை வைத்து, "அவசரப்படாதீங்க. நாளைக்கு நீங்க சமைப்பீங்க எண்டதுக்கு அந்தப் பாஷையில என்ன?" என்றாள். எதிர்காலம் இன்னும் படிக்கவில்லை என்றேன். குசினிப் பக்கம் கையைக் காட்டினாள். அடுப்பு மூட்டிவிட்டுத்தான் இதைத் தபாலில் போடப் போகிறேன்.