கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க

பொதுமக்களின் நலனை முன்னிட்டு, காஞ்சிபுரத்துல கிருஷ்ணவேணி வீட்டு வாசலுக்கு நேரா, நட்ட நடுவுல, ஒரு வெளக்குக் கம்பம் நட்டாங்க. நாலடி தள்ளி நட்டிருந்தா சந்துக்கு வெளிச்சம். எதிர்ல நட்டிருந்தா புள்ளையாருக்கு வெளிச்சம். வாசப்படியிலயே நட்டதால, யார் யார் எப்படி ஒடம்ப ஒடுக்கிக்கினு உள்ள நுழையறாங்கன்னு தெருவுக்கே வெளிச்சமாயிடுச்சு.

கிருஷ்ணவேணிக்கு இட்லி மாவு யாவாரம். அது அரைச்ச மாவுல இட்லி சுட்டா மாமியாருங்களே மருமகள நாலு நல்ல வார்த்தை சொல்லுவாங்கன்னு ஊர்ல பேரு. கம்பம் நட்ட அன்னிக்கு அது ஏனாத்தூருக்கு மாவு குடுக்கப் போயிருந்துச்சு. வீட்டுக்குக் காவல் புருசன் கலியன். அவரு கடமை தவறாம தூங்கினாரு.

"யோவ், வாசல்ல இன்னாய்யா இது?"

"கம்பம்."

"கண்ணு தெரியுது எனக்கு. நடும்போது கேக்கலியா நீ?"

"கேட்டேனே. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்கன்னாங்க."

"நீ?"

"பண்ணிக்கினேன்." அப்படியே செஞ்சும் காட்டினாரு. வயித்த எக்கி, சைடுல திரும்பி, நண்டு வளைக்குள்ள போறாப்புல போனாரு. "எவ்ளோ ஈஸி பாரு வேணி!"

ஈஸிதான். ஆனா மறுநாள் வந்து எறங்கின புது கிரைண்டருக்கு வயிறு எக்கத் தெரியாது. பழசு புகைஞ்சு போயி, அதுக்குப் பதிலா வாங்கின பெரிய கிரைண்டரு. உள்ள கருங்கல்லு ஆனைக்குட்டியாட்டம் இருக்குது. டெம்போக்காரன் இப்படித் திருப்பினான், அப்படித் திருப்பினான், வேர்வையத் தொடச்சான். "யக்கா, தெருவுலயே வெச்சு அட்ஜஸ்ட் பண்ணிக்கோ"ன்னு கம்பத்தடியில எறக்கிட்டு ஓடியே போயிட்டான். மேல பாத்தா மழைக்கால வானம். கடைக்காரனுங்க வேற, நாளைக்கு மாவு வரலைன்னா வேற ஆளப் பாத்துக்கறோம்னுட்டானுங்க. கிரைண்டரு உள்ள போனா பொழப்பு. போகலைன்னா கலியன் சம்பாதிச்சுதான் சாப்பிடணும். அதாவது பட்டினி.

இந்த அட்ஜஸ்ட்டுன்ற வார்த்தை இருக்குதே, அது வெள்ளைக்காரன் போட்டுட்டுப் போன மூட்டைங்கறாங்க. அவனுக்கு அதுல ஒரே அர்த்தம் இருந்திருக்கும், பாவம். நம்ம ஆளுங்க அதுக்கு எத்தினி அர்த்தம் கண்டுபுடிச்சிருக்கோம்! பஸ்ல சொன்னா, உன் மடியில பாதி எனக்குன்னு அர்த்தம். பொண்ணு பாக்கற எடத்துல சொன்னா, பையன் குடிப்பான்னு அர்த்தம். டெய்லர் சொன்னா துணி திருடிட்டான். ஓட்டல்ல சொன்னா சாம்பார் தீந்துடுச்சு. பட்டுக்கடையில சொன்னா, கிளிப்பச்சை கேட்ட உனக்கு இந்த நீலம்தான்னு அர்த்தம். இத்தினியிலயும் ஒண்ணு மட்டும் மாறாது: சொல்றவன் நவுர மாட்டான், கேக்கறவன்தான் நவுரணும்.

கிருஷ்ணவேணி நவுர்ற ஜாதி இல்ல. நேரா வெளக்கு ஆபீசுக்குப் போச்சு. என்ஜினியரு பூவராகவன் சாரு மேப்பை விரிச்சுப் பாத்தாரு, மூக்குக் கண்ணாடியக் கழட்டிட்டுப் பாத்தாரு, மறுபடி மாட்டிக்கினு பாத்தாரு.

"கம்பம் சரியான எடத்துல இருக்குதும்மா. வாசல்தான் தப்பான எடத்துல இருக்குது."

"வாசல் எங்க மாமனார் வெச்சது சார்."

"கம்பம் வரும்னு அவருக்குத் தெரிய வேணாமா?"

"அவரு செத்து ரொம்ப வருசமாச்சு சார்."

"அப்ப அவர் மேல நடவடிக்கை வேணாம், விட்டுடலாம்"னு பெரிய மனசு பண்ணாரு. "நீங்க கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க."

"எப்படி சார்? வீட்டை முதுகுல தூக்கிக்கினு நவுரட்டா?"

"அது உங்க சௌகரியம்மா. ஆபீஸ் தலையிடாது."

திரும்பி வந்துச்சு கிருஷ்ணவேணி. வீட்லருந்து வயர் இழுத்துச்சு, கிரைண்டரைத் தள்ளி நடுத்தெருவுல வெச்சுது, அரிசியக் கொட்டி சுவிட்சைப் போட்டுது. தெரு அடைச்சுக்கிச்சு. ஆட்டோக்காரன் ஹாரன் அடிச்சான்.

"யம்மா, இது ரோடா, உங்க வீட்டு சமையக்கட்டா?"

"கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கப்பா. உளுந்து அரைபடணும்."

ஜென்மத்துல மொத தடவையா அந்த வார்த்தைய நவுராம நின்னுக்கினு சொல்லுச்சு. சக்கரப் பொங்கலு சாப்ட மாதிரி இருந்துச்சாம். சாமி பாக்க வந்த ஒரு பெரிய அதிகாரி காரு, உளுந்து மசியற வரைக்கும் அங்கியே நின்னுது. அவரு எறங்கி வரல, போன் மட்டும் போட்டாரு. சாயங்காலமே உத்தரவு: ஆயுத பூஜை லீவு முடிஞ்சதும் மேற்படி கம்பம் அகற்றப்படும்.

கிருஷ்ணவேணி கிரைண்டரைப் பழையபடி கம்பத்தடிக்கே தள்ளிட்டு, தெருவுக்கே சுண்டல் குடுத்துச்சு. இங்கதான் விதி வெளயாடுச்சு.

ஆயுத பூஜைன்னா தொழில் சாமானுக்குப் பொட்டு வெக்காத கை நம்ம ஊர்ல உண்டா? தறிக்காரரு தறிக்கு வெச்சாரு, ஆட்டோக்காரன் ஆட்டோவுக்கு வெச்சான். கிருஷ்ணவேணி கிரைண்டருக்கு சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. வெளக்கு ஆபீசு லைன்மேன் தர்மனுக்குத் தொழில் சாமான் எது? கம்பம். பக்தியான மனுசன். இந்தப் புதுக் கம்பத்துக்குப் பட்டை பட்டையா விபூதி பூசி, குங்குமம் வெச்சு, எலுமிச்சம்பழம் கட்டி, அங்கியே பூசணிக்காயும் ஒடைச்சுட்டுப் போனாரு.

மறுநாள் காலையில டூர் பஸ் ஒண்ணு வந்துச்சு. ஒரே நாள்ல ஊர்ல இருக்கற அத்தினி கோயிலையும் முடிக்கிற கோஷ்டி. செருப்பு மாட்டக் கூட நேரமில்லாம ஓடிக்கினு இருந்தாங்க. பாத்தா, பட்டை போட்ட கம்பம், அடியில மாலை போட்ட கருங்கல்லு. சுத்த ஆரம்பிச்சுட்டாங்க.

"இது என்ன சாமிங்க?"

கலியன் அப்பதான் கண்ணு முழிச்சு, நண்டா வெளிய வந்தாரு. கேட்டவங்க மனசு நோவக் கூடாதே. "கம்பத்தம்மா."

"என்ன விசேஷம்?"

கலியன் தலையச் சொறிஞ்சாரு. "ஆபீசுல நவுராத ஃபைலு நவுரும்."

யோவ், வேற எதையாவது சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா! கல்யாணம், கொழந்தைன்னு சொல்லியிருந்தா நூறு கோயிலோட நூத்தியோராவது கோயிலு. ஃபைலுன்னதும் தென்னேரிலருந்தெல்லாம் ஜனம் வர ஆரம்பிச்சுடுச்சு. பட்டா, பென்சனு, ரேசன் கார்டு, அத்தினியும் கம்பத்துல மஞ்சத் துணியில தொங்குது. கிரைண்டருக்குள்ள பால் அபிஷேகம். "ஐயோ, கல்லு புளிச்சுடும்யா!"ன்னு கிருஷ்ணவேணி கத்துனதை அருள் வந்துடுச்சுன்னு நெனச்சு விழுந்து கும்பிட்டாங்க. லீவு முடிஞ்ச அன்னிக்கு டிரான்ஸ்ஃபர் கேட்டு பூவராகவன் சாரே வரிசையில நின்னாரு.

"சார், கம்பத்த எடுக்கற உத்தரவு என்னாச்சு?"

"மெதுவா பேசும்மா, கம்பத்தம்மா காதுல வுழப்போவுது. டே தர்மா, எடுத்துடுவியாடா?"

தர்மன் கன்னத்துல போட்டுக்கிட்டாரு. "நானே பொட்டு வெச்சுட்டு, நானே வெட்டுனா கை வெளங்குமா சார்?"

"பாத்தியாம்மா? சாமிய எடுக்க எங்க ஆபீசுக்கு அதிகாரம் இல்ல. கோயில் ஆபீசுல கேளு."

கோயில் ஆபீசுல கேட்டா, "கரண்டு பாயற சாமி எங்க கணக்குல வராதும்மா, வெளக்கு ஆபீசப் பாரு"ன்னாங்க. நடுவுல, கூட்டம் சுத்தி வர எடம் பத்தலைன்னு தெருப் பெரியவங்க கூடி, கிருஷ்ணவேணி வீட்டு முன்செவுத்தைக் கொஞ்சம் உள்ள தள்ளிக் கட்டணும்னு ஏகமனதா முடிவு பண்ணாங்க. கலியன் கையெழுத்தே போட்டுட்டாரு.

எல்லாக் கதவும் மூடின பொறவு கிருஷ்ணவேணி இன்னா பண்ணும்? குளிச்சுது. மஞ்சப்பொடவை கட்டிக்கிச்சு. சொந்த வீட்டுக்கு நேரா நிக்கற வரிசையில, கடைசி ஆளா போயி நின்னுச்சு. வெயில்ல நவுந்து நவுந்து முன்னால வந்து, கையக் கூப்பி, கண்ண மூடி, மனசார வேண்டிக்கிச்சு.

"தாயே கம்பத்தம்மா, எல்லாரு ஃபைலையும் நவுத்தற. உன்னை எடுக்கச் சொல்ற ஃபைலையும் ஒரு தடவ நவுத்திடும்மா. உனக்கு ஆயிரத்தெட்டு இட்லி படைக்கறேன்."

அதுக்குள்ள பூசாரி ஆயிட்டிருந்த தர்மன், விபூதித் தட்டால தோள்ல தட்டினாரு.

"யம்மா, பின்னாடி ஜனம் நிக்குதுல்ல. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கம்மா."

கிருஷ்ணவேணி நவுந்துச்சு.