மத்தேயு எழுதாத நற்செய்தியும் கஸ்பார் எழுதிய கட்டுரையும்

'அவர் எழுதவில்லை' என்றொரு மனித வகை உண்டு. உங்கள் ஊரிலும் இருப்பார். நீங்கள் எந்தப் புத்தகத்தை மெச்சினாலும், அட்டையில் பெயர் இருக்கிறவர் அதை எழுதவில்லை என்பார். பிறகு யார் எழுதினாராம்? "அது பெரிய ஆராய்ச்சி" என்று கண்ணை மூடிக்கொள்வார். திண்டுக்கல்லில் இந்த வகைக்கு அசல் சரக்கு பூட்டுக்கடை கஸ்பார்.

தொண்ணூற்றேழில் தபால்வழி விவிலியப் படிப்பு ஒன்றில் சேர்ந்து, ஒரே வருடத்தில் முதல் வகுப்பில் தேறி, சான்றிதழுக்குக் கண்ணாடி போட்டு, கல்லாவுக்கு மேலே திருஇருதயப் படத்தைவிட நாலு விரற்கடை உயரத்தில் மாட்டிய நாள் முதல், அந்தக் கடைக்கு வந்தவர் யாரும் வெறும் பூட்டோடு திரும்பியதில்லை.

"மத்தேயு நற்செய்திய மத்தேயு எழுதல, தெரியுமா?"

சாணார்பட்டியிலிருந்து மோட்டார் ரூமுக்குப் பூட்டு வாங்க வந்த வேலுசாமிக்கு மத்தேயுவையே தெரியாது. "எழுதாட்டிப் போகட்டும்ண்ணே. இதுக்குச் சாவி ரெண்டா, மூணா?" என்றார்.

கோயிலில் இன்னும் விசேஷம். "திருத்தூதர் பவுல் எபேசியருக்கு எழுதிய" என்று வாசகம் தொடங்கினால் போதும், கஸ்பார் தொண்டையைச் செருமுவார். கல்யாணப் பூசை, சாவுப் பூசை என்ற பேதமெல்லாம் கிடையாது. 'எழுதிய' என்றால் ஒரு செருமல். வாசிக்கிறவர்கள் அந்த ஒரு சொல்லை மட்டும் வாய்க்குள்ளேயே சொல்லித் தாண்டிப் போகப் பழகிவிட்டார்கள். ஒருநாள் பூசை முடிந்து வந்த இன்னாசியம்மாளை வாசலில் மறித்து, "அது பவுல் எழுதுனதில்லம்மா" என்றார்.

"அதத்தாம்ப்பா நானும் சொல்றேன். அம்புட்டும் எழுதுனது நம்ம சின்னப்பரு. புதுப் புஸ்தகத்துல எவனோ பவுலுன்னு பேர மாத்திப்புட்டான்."

பழைய மொழிபெயர்ப்பில் சின்னப்பராக இருந்தவர்தான் புதியதில் பவுல் என்று கஸ்பார் விளக்கத் தொடங்கியபோது, தன் கட்சிக்கு ஓர் ஆள் கிடைத்த திருப்தியில் அந்த அம்மாள் தெருமுனையைத் தாண்டியிருந்தார்.

இத்தனை ஞானமும் எங்கிருந்து வந்தது? சமையற்கட்டிலிருந்து. தபாலில் வந்த பாடங்களைப் பிரித்தவர், படித்தவர், கேள்வித்தாள்களுக்கு விடை எழுதியவர் எல்லாம் அவர் மனைவி ஆனந்தமேரி. அந்தக் காலத்துப் பி.யூ.சி. மதியம் கஸ்பாருக்குச் சோறும் வெஞ்சனமும் வைக்கும்போது அன்றைய பாடத்தையும் சேர்த்துப் பரிமாறுவாள். அவர் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டுப் போய்க் கடையில் ஏப்பம் விடுவார். விடைத்தாளில் கையெழுத்து மட்டும் அவருடையது.

பங்குக் கோயிலின் வெள்ளிவிழா மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். 'நற்செய்திகளை எழுதியது யார்?' என்று கஸ்பார் தலைப்புக் கொடுத்தார். மீதி எட்டுப் பக்கத்தை ஆனந்தமேரி கொடுத்தாள். இயேசுவோடு கூடவே நடந்தவர் மத்தேயு என்றால், கூட நடக்காத மாற்கைப் பார்த்து அவர் ஏன் எழுத வேண்டும் என்று அவள் கேட்டிருந்த கேள்வி அவளுக்கே பிடித்திருந்தது. கல்யாணப் பத்திரிகைக்குப் பிறகு அவள் பெயர் அச்சில் வந்ததில்லை. இதில் வரவேண்டும் என்று ஆசைப்பட்டாள். ரொம்பவே ஆசைப்பட்டாள்.

"ஏங்க, கீழ ஒரு ஓரத்துல எம் பேரையும் போடச் சொல்லுங்களேன்."

"நீதான சொன்ன? அந்தக் காலத்துல சீடருங்க எழுதி, குரு பேரப் போடுவாங்க, அதுதான் மரியாதைன்னு. இப்ப நீயே இப்படிக் கேட்டா எப்படி?"

சொல்லிக் கொடுத்த பாடத்தையே திருப்பி வீசினால் அவள் என்ன செய்வாள்? அவளுக்கு வலித்தது. கட்டுரையின் கடைசியில் ஒரு பத்தி சேர்த்தாள். உறையிலிட்டு ஒட்டிக் கொடுத்தாள். கஸ்பார் அதைப் பிரித்துப் படித்திருப்பார் என்றா நினைக்கிறீர்கள்?

ஞாயிறு பூசை முடிந்து, பங்கு மண்டபத்தில் மலர் வெளியீடு. கட்டுரைக்கு மேலே 'விவிலியச் செம்மல் கஸ்பார்' என்று போட்டிருந்தது. செம்மல் பட்டத்தை மட்டும் அவர் ஒட்டிய உறையின்மேல் சொந்தமாகவே எழுதிச் சேர்த்திருந்தார். சின்னாளப்பட்டிச் சுங்குடி கட்டிப் பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த ஆனந்தமேரி, அந்தப் பக்கத்தை விரலால் ஒருமுறை தடவிவிட்டு மூடினாள். கஸ்பார் பொன்னாடையோடு இருபது நிமிடம் முழங்கினார். முடித்ததும் ஐரின் டீச்சர் எழுந்தாள்.

"சார், பைபிள்ல எழுதுனவங்க பேரே இல்லாத எபிரேயர் திருமுகத்த பிரிஸ்கில்லாங்கிற பொம்பள எழுதியிருக்கலாம்னு சில அறிஞர்கள் சொல்றதா கடைசிப் பத்தியில போட்டிருக்கீங்க. அப்ப அந்தம்மா பேரு ஏன் விட்டுப்போச்சு? 'காரணத்தை அவர் வீட்டுக்காரரிடம்தான் கேட்க வேண்டும்'னு முடிச்சிருக்கீங்க. அதுக்கு என்ன அர்த்தம் சார்?"

கஸ்பார் மலரைப் புரட்டினார். தம் கட்டுரையின் கடைசிப் பத்தியை அப்போதுதான் முதன்முதலாகப் படித்தார். பொன்னாடைக்குள் வேர்த்தது.

"அது... பெரிய ஆராய்ச்சி."

"சொல்லுங்க, நேரம் இருக்கு" என்றார் பங்குச்சாமியார், நிஜமான ஆவலோடு.

வேறு வழியில்லாமல் கஸ்பார் பெண்கள் பக்கம் திரும்பினார். "மேரி, அது என்னன்னு செத்த சொல்லேன்."

மண்டபமே திரும்பிப் பார்த்தது. ஆனந்தமேரி எழுந்து நின்றாள். பதில் அவளிடம் இருந்தது. ஒன்றல்ல, மூன்று பதில்கள் இருந்தன.

"எனக்கென்னங்க தெரியும்?" என்றாள். "எழுதுனவுகளுக்குத்தான தெரியும்."

சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் உங்கள் பெயரில் விழா மலரில் வந்ததே ஒரு கட்டுரை, அலுவலகத்தில் கைதட்டு வாங்கியதே ஓர் அறிக்கை, சம்பந்தி வீட்டார் படித்துவிட்டு உருகிப்போனார்களே ஒரு கடிதம், அவற்றின் கடைசிப் பத்தியில் என்ன இருக்கிறது என்று இப்போதே, வீட்டில் யாரையும் கூப்பிடாமல், சொல்லிவிடுவீர்கள் அல்லவா?