மூன்று டப்பா ஒன்றுமில்லை

எஸ்பியர்,
திங்கள்கிழமை, மழை.

மதிப்பிற்குரிய அத்தை குன்ஹில் அவர்களுக்கு, மருமகன் ரூனே பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் தங்கள் மகள் மைகெனும் நலம். அங்கு தாங்களும், தங்கள் அக்கா போதில் பெரியம்மாவும், தங்கள் இடது முழங்காலும், கோழிகளும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். மேலே 'நானும் நலம்' என்று எழுதியது மரியாதைக்காக. அது உண்மையாக இருந்திருந்தால் இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது. ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நான் வயிற்றைச் சின்னதாக்கும் ஆபரேஷன் செய்துகொள்ளப் போகிறேன். எங்கள் டாக்டர் சரி என்றுவிட்டார், ஆஸ்பத்திரி சரி என்றுவிட்டது, ரத்தப் பரிசோதனை செய்த பெண்கூட நான் கேட்காமலே சரி என்றாள். பாக்கி இருப்பது உங்கள் மகள் ஒருத்திதான். நீங்கள் அவளிடம் பேசி அவளுடைய சந்தேகத்தைப் போக்க வேண்டும். இதை போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். போனில் நீங்கள் எடுத்த எடுப்பில் "சாப்பிட்டீங்களா மாப்ளே?" என்பீர்கள், நான் என்ன சாப்பிட்டேன் என்று சொல்வேன், "அவ்வளவுதானா?" என்பீர்கள், அதோடு ஆபரேஷன் பேச்சு முடிந்துவிடும்.

என் வேலை என்னவென்று உங்களுக்குத் தெரியும். உங்கள் ஊரில் காற்றாலையைக் காற்றாலை என்று சொல்வதில்லை, 'மாட்டின் தூக்கத்தைக் கெடுக்கிற விசிறி' என்கிறார்கள். பரவாயில்லை, அந்த விசிறியின் உச்சிக்கு ஏறிப் பழுது பார்ப்பவன் நான். ஏறுகிறவன் இடுப்பில் கட்டும் பாதுகாப்பு வாரில் ஒரு சின்னத் தகடு இருக்கிறது, அதில் இத்தனை கிலோவுக்கு மேல் கூடாது என்று பொறித்திருக்கிறது. அந்தத் தகட்டைக் காட்டி, "இது அலங்காரத்துக்கு இல்லை தம்பிகளா" என்று புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வகுப்பு எடுத்ததே நான்தான். போன இலையுதிர் காலத்தில் எடை பார்த்தார்கள். தம்பிகள் எல்லாரும் மேலே போனார்கள், வகுப்பு எடுத்தவன் கிடங்குக்குப் போனான். அன்றிலிருந்து போல்ட்டுகளுக்கும் நட்டுகளுக்கும் காவல் இருக்கிறேன். என்னோடு ஜோடியாக ஏறிக்கொண்டிருந்த வில்லாஸ் உச்சியிலிருந்து போன் போட்டு, "டேய், இன்னிக்கு வானம் சுத்தமா இருக்கு, கடல்ல கப்பல் எல்லாம் எறும்பு மாதிரி போகுது" என்பான். "கிரீஸ் எத்தனை டப்பா வேணும், அதைச் சொல்லு" என்பேன். எங்கள் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் ஒரு காற்றாலை தெரியும். அதைப் பற்றி மேற்கொண்டு எழுத விரும்பவில்லை.

இந்த எடை எங்கிருந்து வந்தது என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். பரம்பரை, உட்கார்ந்த வேலை, மன அழுத்தம் என்று பல காரணங்களைச் சொல்லலாமாம். நான் நேர்மையாக உங்கள் முகவரியைக் கொடுத்தேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், உண்மையைத்தானே சொன்னேன்? நான் கோபன்ஹேகனில் பிறந்தவன். எங்கள் வீட்டில் காபியோடு ஒரு பிஸ்கட் வரும், அதை எடுத்தவுடன் அம்மா டப்பாவை மூடிவிடுவாள், மூடும் சத்தம் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். அப்படி வளர்ந்தவனை மைகென் முதல்முறையாக உங்கள் வீட்டுக் காபி விருந்துக்குக் கூட்டி வந்தாள். மேஜையில் மெத்தென்று ஏழு வகை கேக். கறுப்பு ரொட்டியைப் பொடித்து க்ரீமுக்கு நடுவில் அடுக்கிய அந்த ராட்சசக் கேக்கும் அதில் ஒன்று. ஏழையும் துண்டு துண்டாகத் தின்று முடித்து, நல்லபடியாகத் தப்பித்தோம் என்று நாற்காலியைப் பின்னால் தள்ளினேன். அப்போதுதான் நீங்கள் உள்ளேயிருந்து இன்னொரு தட்டோடு வந்தீர்கள். மொறுமொறு வகை ஏழு! எல்லாவற்றிலும் ஒரு விள்ளல் எடுத்தால் போதும் என்று ஒருவராவது சொன்னீர்களா? பக்கத்தில் உட்கார்ந்திருந்த உங்கள் மகள் என் காலை மிதித்தாள். அவள் 'நிறுத்து' என்கிறாளா 'சாப்பிடு' என்கிறாளா என்று புரியாமல் அந்த ஏழையும் முடித்தேன். நீங்கள் போதில் பெரியம்மாவிடம் குசுகுசுவென்று சொன்னது எனக்கு நன்றாகவே கேட்டது: "கோபன்ஹேகன்காரனா இருந்தாலும் பையன் நல்லாச் சாப்பிடறான். கொடுத்துடலாம்." ஆக, இந்தக் கல்யாணமே என் வயிற்றை நம்பி நிச்சயிக்கப்பட்டது. இப்போது அதை வெட்டப் போகிறேன் என்றால் உங்கள் குடும்பத்தில் கலக்கம் வருவது நியாயம்தான்.

அடுத்த கூத்தைக் கேளுங்கள். ஆபரேஷனுக்கு முன்னால் நானே கொஞ்சம் எடை குறைத்துக் காட்ட வேண்டும் என்பது விதி. அதைக் கண்காணிக்க ஓர்ஹூஸ் நகரத்துப் பெண் ஒருத்தி, உணவு ஆலோசகர், வாராவாரம் போன் செய்வாள். உங்கள் வீட்டுக்கு வந்து திரும்பிய மறுநாள் போன் வந்தது.

"நேத்து சாயங்காலம் காபியோட என்ன சாப்பிட்டீங்க?"

"ஒன்றுமில்லை."

"அருமை! ஒன்னுமே சாப்பிடலையா?"

"இல்லைங்க. ஒன்றுமில்லைதான் சாப்பிட்டேன். ஒரு எட்டு இருக்கும்."

அவள் மெதுவாக, குழந்தையிடம் பேசுவதுபோல், "சரி... அதுக்கு மேல?" என்றாள்.

"மேல கொஞ்சம் நல்ல புத்தி. அத்தை கையில திணிச்சாங்க, வேண்டாம்னு சொல்ல முடியலை."

அத்தை, வெண்ணெய் பிஸ்கட்டின் தலையில் முட்டை வெள்ளையை அடித்து ஊற்றிச் சுட்டுவிட்டு அதற்கு 'ஒன்றுமில்லை' என்று பெயர் வைத்த புண்ணியவான் உங்கள் ஊரில் யார்? காகிதம் மாதிரி மெல்லிசாக இரும்பு அச்சில் சுடுகிற மொறுமொறுப்பை 'நல்ல புத்தி' என்று அழைக்கச் சொன்னது யார்? உங்கள் மாவட்டத்தின் எல்லையைத் தாண்டினால் ஒரு ஜீவனுக்கும் இது தெரியாது. எனக்கும் கல்யாணத்துக்கு முன்னால் தெரியாது. இப்போது மற்றப் பெயர்களே மறந்துவிட்டன. அந்தப் பெண் போனை வைத்த கையோடு என்னை மனநல ஆலோசகரிடம் அனுப்பிவிட்டாள்.

மனைவியோடு வரச் சொல்லியிருந்தார்கள், போனோம். அவர் நல்ல மனிதர், கம்பளிச் சட்டைக்காரர். பலகார விவகாரத்தை விளக்கியதும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மைகென் பக்கம் திரும்பினார். "உங்க கணவரோட இந்த முடிவுல உங்களுக்கு ஏதாவது தயக்கம் இருக்கா?"

"ஒன்னுமில்லை," என்றாள் உங்கள் மகள்.

"பலகாரமா, பதிலா?" என்றார் அந்த ஆள்.

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். வரும் வழியில் காரில் நானே கேட்டேன். என்னைப் பொறுத்தவரை சந்தேகம் என்றால் அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும், சொன்னால் தீர்த்துவைக்கலாம். அப்புறம்தான் ஒவ்வொன்றாக வந்தது. "ஆபரேஷனுக்கு முன்னாடி எடையைக் குறைக்கணும்கறாங்க. குறைக்க முடிஞ்சா ஆபரேஷன் எதுக்கு? முடியலைன்னா ஆபரேஷனே கிடையாது. இதுல உன் தொழில்நுட்ப மூளை எங்க போச்சு?" என்றாள். நியாயமான கேள்வி என்பதால் ரேடியோவைச் சத்தமாக வைத்தேன். "சரி, வயித்தைச் சின்னதாக்கிடுவாங்க. கிடங்குல உட்கார்ந்து வர்ற பசியை என்ன பண்ணுவாங்க? அதையும் வெட்டுவாங்களா?" என்றாள். வீட்டுக்கு வந்ததும் காகிதத்தை எடுத்து அவளுக்குப் படம் போட்டு விளக்கினேன். இது தொட்டி, இது உள்ளே வரும் குழாய், தொட்டியின் கொள்ளளவைக் குறைத்தால் அளவுக்கு மேல் நிரப்ப முடியாது, தானாகவே நின்றுவிடும். சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரியும். அவள் படத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"இது தொட்டி இல்லை, ரூனே. இது நீ."

இந்த மாதிரி பேச்சுக்கு எந்தக் கையேட்டிலும் பதில் கிடையாது.

மாமாவைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது, உங்களுக்கும் அது பிடிக்காது. பித்தப்பைக் கல்லுக்காக ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பவில்லை. அது வேறு காலம், வேறு நோய், அவருடைய இதயம் ஏற்கெனவே சரியில்லை. நான் இளைஞன், இதயம் நன்றாக இருக்கிறது, இப்போது கருவிகளும் புதிது. இதையெல்லாம் மைகெனிடம் எடுத்துச் சொன்னேன். பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். "அப்பாவும் சின்ன ஆபரேஷன்தான்னு சொல்லிட்டுத்தான் போனாரு. கோழிக்குத் தீனி போட்டுடு, செவ்வாய்க்கிழமை வந்துடறேன்னாரு" என்றாள். நான் நூற்றுக்கு எத்தனை பேர் பிழைக்கிறார்கள் என்ற புள்ளிவிவரத்தை எடுத்தேன். மிகத் திருப்தியான புள்ளிவிவரம். எங்கள் காற்றாலைகளே அவ்வளவு நம்பகமாக ஓடுவதில்லை. சொல்லி முடித்துப் பார்த்தால் அதே தட்டையே துலக்கிக்கொண்டிருக்கிறாள். "இப்போ என்ன?" என்றேன். "ஒன்னுமில்லை" என்றாள். ஒன்றுமில்லை என்றால் ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொள்கிற வகை மனிதன் நான். போய்ப் படுத்துத் தூங்கிவிட்டேன். மறுநாள் என்னோடு பேசவில்லை. ஏன் என்று தெரிந்தால் எழுதவும்.

ஆகவே என் வேண்டுகோள். ஒரு பெண்ணைப் பெற்று வளர்த்தவர் என்ற முறையில், உங்கள் மகளைக் கூப்பிட்டு, இது தேவையான காரியம், பயப்பட ஒன்றுமில்லை (இந்தச் சொல்லை நான் இனி ஜாக்கிரதையாகத்தான் பயன்படுத்த வேண்டும்), உன் புருஷன் நன்றாக யோசித்துத்தான் முடிவெடுத்திருக்கிறான் என்று புரியவையுங்கள். பயப்படுகிறவள் அவள் ஒருத்திதான். எனக்குத் துளிப் பயமும் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆபரேஷன் சமயத்தில் நீங்கள் இங்கே வர வேண்டிய அவசியமில்லை. முழங்காலை வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் பஸ்ஸில் வந்து, ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து, வருகிற போகிற நர்ஸை எல்லாம் சாப்பிட்டாயா என்று விசாரித்து, எதற்கு? முக்கியமாக, தயவுசெய்து பலகாரம் எதுவும் கொடுத்தனுப்ப வேண்டாம். போன மாதம் பக்கத்துப் பண்ணைக்காரரிடம் மூன்று டப்பா ஒன்றுமில்லை அனுப்பினீர்கள். "மாப்ளைக்கு இல்லை, மைகெனுக்கு" என்று மேலே சீட்டு ஒட்டியிருந்தது. சீட்டை நான் படித்தேன். டப்பாக்கள் ஒன்றுமில்லாமல் போயின. எடையில் குறைத்துவைத்திருந்ததும் அதோடு போனது, ஆலோசகப் பெண்ணிடம் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்து, போன வாரம்தான் ஒருவழியாக அவர்கள் கேட்ட எடைக்கு வந்தேன்.

போதில் பெரியம்மாவுக்கு என் வணக்கங்கள். கோழிகள் முட்டை குறைவில்லாமல் இடட்டும், தங்கள் முழங்கால் இந்தக் குளிரைத் தாங்கட்டும், தங்கள் கூரையில் ஒழுகுவது இனியாவது நிற்கட்டும் (ஓடு மாற்ற வேண்டும் என்று நான் சொல்லி ஒரு வருஷம் ஆகிறது).

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள மருமகன்,
ரூனே

பி.கு.: கடிதத்தை மடித்து உறையில் போட்டுக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. ஆஸ்பத்திரி. யாரோ ஒருவர் கடைசி நேரத்தில் வர முடியாது என்றுவிட்டாராம், வியாழக்கிழமை இடம் காலி, வர முடியுமா என்று கேட்கிறார்கள். போனை எடுத்தது மைகென். "வருவாரு. நானே கூட்டிட்டு வர்றேன்" என்றாள். என்னைக் கேட்கவில்லை, அத்தை. ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"இந்த வியாழனா?" என்றேன். "கிடங்குல இருப்பு சரிபார்க்கணும். அதோட உனக்குத்தான் நிறைய சந்தேகம் இருந்துச்சே, அதையெல்லாம் இன்னும் ஒரு தடவை பேசித் தீர்த்துக்கலாம்."

"சந்தேகம் இப்பவும் அப்படியேதான் இருக்கு. ஆனா தினமும் காலையில காபியைக் கையில வெச்சுக்கிட்டு ஜன்னல்ல நின்னு அந்தக் காத்தாடியையே பார்த்துட்டு நிக்கறியே, அதை என்னால பார்க்க முடியலை. போய்ட்டு வந்து மேல ஏறு." அப்புறம் என்னை உற்றுப் பார்த்தாள். "என்ன, மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துப்போச்சு?"

"ஒன்னுமில்லை," என்றேன்.

"பலகாரமா, பதிலா?" என்றாள்.

அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள். தொட்டி, குழாய் படம் போட்ட காகிதம் மேஜையிலேயே கிடந்தது. அதை எடுத்து மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள். எதற்கென்று கேட்கவில்லை.

ஆகவே அத்தை, மேலே எழுதியது அத்தனையும் ரத்து. உங்கள் மகளுக்குப் பழைய சந்தேகம் முழுமூச்சாகத் திரும்பி வரும்படி உங்களால் பேச முடியுமானால் கடிதம் கிடைத்த கையோடு பேசுங்கள். முடியாது என்றால் புதன்கிழமையே பஸ் ஏறி வந்துவிடுங்கள். நான் உள்ளே இருக்கும் நேரத்தில் மைகென் அந்த நாற்காலியில் தனியாக உட்காரக் கூடாது. வரும்போது ஒரு டப்பா ஒன்றுமில்லை கொண்டுவாருங்கள், அவளுக்கு. சீட்டு ஒட்ட வேண்டாம், இந்தத் தடவை நான் தொட மாட்டேன். நல்ல புத்தி மட்டும் வேண்டாம். நான் அவளுக்குக் கொடுத்ததே இங்கே நிறைய மிச்சம் இருக்கிறது.