அரைங்க

"ஐம்பத்து நாலு" என்று முணுமுணுத்தார் மாப்பிள்ளை.

மாமனாரின் இடது மணிக்கட்டு இன்னும் அவர் பிடியில்தான் இருந்தது. மாமனாரோ வலது கையில் பேப்பரைப் பிடித்துக்கொண்டு, மூன்றாம் பக்கத்தில் ஒரு ஒற்றுப்பிழையைக் கண்டுபிடித்துவிட்ட பெருமிதத்தில் இருந்தார். நாற்பது வருஷம் அச்சகத்தில் பிழை திருத்தியவர். இதயம் தாளம் தப்பினாலும் தப்பும், கண் தப்பாது.

மாப்பிள்ளை குளிர்சாதனப் பெட்டியின் கதவைப் பார்த்தார். மருத்துவமனையில் கொடுத்த தாள் அங்கே ஒட்டியிருந்தது. பத்து நாளாகப் படித்துப் படித்து அவருக்கு மனப்பாடம்.

'இது இதயத் துடிப்பை மட்டுப்படுத்தும் மாத்திரை. கொடுக்கும் முன் ஒரு நிமிடம் முழுவதும் நாடி பார்க்கவும். அறுபதுக்குக் கீழே இருந்தால் கொடுக்க வேண்டாம், உடனே கூப்பிடவும். பசியின்மை, குமட்டல், பார்க்கும் பொருளெல்லாம் மஞ்சளாகத் தெரிதல் ஆகியவை இருந்தாலும் கூப்பிடவும்.'

"மாமா, இன்னொரு தடவை எண்ணிடறேன். அசையாம இருங்க."

"நான் எங்க அசையறேன்? உங்க கைதான் நடுங்குது, மாப்பிள்ளை."

லிப்ட் பொத்தானை அழுத்துவதுபோல் கட்டைவிரலை அழுத்தி வைத்து மறுபடியும் எண்ணினார். ஐம்பத்திரண்டு.

மனைவி வேலை விஷயமாக இரண்டு வாரப் பயிற்சிக்கு வெளியூர் கிளம்பியபோது, "உங்களை நம்பி அப்பாவை விட்டுட்டுப் போறேன்" என்று ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையில் ஒரு மீன்தொட்டி இருந்தது. போன வருஷம் அவள் ஒரு வாரம் ஊரில் இல்லாதபோது அவர் பார்த்துக்கொண்ட மீன்தொட்டி. எட்டு மீனில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. மாமனார் ஒரே ஒருவர்தான்.

ரயில் நகர ஆரம்பித்த பிறகு ஜன்னல் வழியாக அவள் கத்தியதும் அப்பாவைப் பற்றித்தான். "அப்பா மாத்திரை, அரைங்க. மறந்துடாதீங்க. அரைங்க."

அவர் மறக்கவில்லை. பெரியவருக்கு விழுங்கச் சிரமம் போலிருக்கிறது என்று அன்றைக்கே ஒரு சின்னக் கல் உரல் வாங்கிவந்தார். லிப்ட் பரிசோதகர் வேலை பார்ப்பவர். எதற்கும் ஒரு பதிவேடு, எதற்கும் ஒரு ஒழுங்கு. ஆபீசில் அவருக்குப் பட்டப்பெயரே ரிஜிஸ்டர். தினமும் காலையில் நாடி பார்ப்பார், நோட்டில் எழுதுவார். மாத்திரையை மாவு மாதிரி அரைப்பார். இரண்டு கப் டீ போடுவார். சர்க்கரை இல்லாதது மாமனாருக்கு. டாக்டர் சர்க்கரை கூடாது என்று சொல்லியிருந்தார். அந்த டீயில் பொடியைக் கலக்குவார். இரண்டு கப்பையும் மேஜையில் வைத்துவிட்டு, உள்ளே போய் மருந்துப் பெட்டியைப் பூட்டி, இரண்டு தடவை இழுத்துப் பார்த்து, நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவார். மருந்தைப் பூட்டாமல் ஒரு நிமிஷம்கூட விடக்கூடாது என்பது அவர் கொள்கை.

இவ்வளவு செய்தும் நோட்டைப் புரட்டினால் எழுபத்தாறு, எழுபத்திரண்டு, அறுபத்தெட்டு, அறுபத்துமூன்று என்று எண்கள் படியிறங்கிக்கொண்டே வந்திருந்தன.

இன்றைக்கு மாத்திரையைத் தொடாமல் மருத்துவமனைக்குப் போன் போட்டார்.

"ஐம்பத்திரண்டா? பெரியவருக்கு மயக்கம் இருக்கா? சாப்பிடறாரா?" என்று கேட்டது ஒரு பெண் குரல்.

"மாமா, பசிக்குதா?"

"நல்லாப் பசிக்குது. ஏன், ஏதாவது பண்ணப் போறீங்களா?"

"குமட்டுதா?"

"முதல்ல சமைங்க, அப்புறம் சொல்றேன்."

"எதாவது மஞ்சளாத் தெரியுதா?"

"இல்லையே. எல்லாம் அதது நிறத்துலதான் இருக்கு."

மாப்பிள்ளை அவரை உற்றுப் பார்த்தார். பகீரென்றது. மாமனாரின் முகம் மஞ்சளாக இருந்தது. நரைமுடி மஞ்சள். வெள்ளை பனியன் மஞ்சள்.

"சிஸ்டர், அவரே மஞ்சளா இருக்காரு" என்றார் போனில்.

"உடனே கூட்டிட்டு வாங்க" என்று போனை வைத்துவிட்டார்கள்.

டாக்ஸி வருவதற்குள் மாமனாரைச் சோபாவில் படுக்கவைத்து, காலுக்கடியில் நாலு தலையணை அடுக்கி எண்ணினார். ஐம்பது. படுத்ததால் இறங்கிவிட்டதோ என்று எழுப்பி நிற்கவைத்து எண்ணினார். நாற்பத்தொன்பது. நடந்தால் ஏறும் என்று தோன்ற, அவர் மணிக்கட்டைப் பிடித்தபடியே மாடிப்படியில் ஏற்றினார். எட்டாவது படியில் மாமனார் நிமிர்ந்து நின்றார். மாப்பிள்ளைதான் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"என்னாச்சு, மாப்பிள்ளை?"

"ஒண்ணுமில்ல மாமா. பத்து நாளா சரியாச் சாப்பாடு இறங்கல. உங்க கவலைதான்."

அது உண்மை. சோற்றைப் பார்த்தாலே குமட்டியது. நாக்கில் ருசியே செத்துப்போயிருந்தது. தன் டீக்கு ஒரு ஸ்பூன் சர்க்கரை போட்டுக்கொண்டிருந்தவர் இரண்டு, மூன்று என்று ஏற்றி, இப்போது நாலு போடுகிறார். அப்படியும் கசந்தது.

"சர்க்கரை இல்லாத டீயை எப்படித்தான் முகம் சுளிக்காமக் குடிக்கிறீங்களோ, மாமா" என்று நேற்றுகூடக் கேட்டார்.

"பழகிடுச்சு மாப்பிள்ளை. அதுவும் உங்க கை டீ நாளுக்கு நாள் பிரமாதமா ஆயிட்டு வருது" என்றார் மாமனார்.

இப்படிப்பட்ட நல்ல மனுஷனைப் பறிகொடுத்துவிட்டு மனைவி முகத்தில் எப்படி விழிப்பது? டாக்ஸியில் போகும்போது மாப்பிள்ளையின் கண் கலங்கிவிட்டது. ஒவ்வொரு சிக்னலிலும் எண்ணினார். நாற்பத்தேழு. நாற்பத்தாறு. எதிர்க்காற்றில் மாமனார் சுகமாகக் கண்ணை மூடினார்.

"மாமா, தூங்காதீங்க. பேசிட்டே இருங்க."

"கடைப் பலகையில 'பழுதுப் பார்க்கப்படும்'னு போட்டிருக்கான். அங்க ஒற்று மிகாது."

"பேசுங்க, இன்னும் பேசுங்க" என்றார் மாப்பிள்ளை, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

மருத்துவமனை வாசலில் எண்ணியபோது நாற்பத்து நாலு. அதைக் கூவிக்கொண்டே உள்ளே ஓடினார். கட்டில், சுவர், திரைச்சீலை எல்லாமே மஞ்சளாகச் சுற்றின.

நர்ஸ் பெரியவரைக் கட்டிலில் உட்காரவைத்து, மூன்று விரலால் நாடியைப் பிடித்து, கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். ஒரு நிமிஷம் ஒரு மணி நேரமாகக் கழிந்தது.

"நூத்திப் பன்னெண்டு."

"இருக்கவே இருக்காது, சிஸ்டர். இப்பத்தான் வாசல்ல எண்ணினேன். நாப்பத்தி நாலு."

"எப்படி எண்ணினீங்க? என் கையில காட்டுங்க."

மாப்பிள்ளை அவர் மணிக்கட்டில் கட்டைவிரலை அழுத்தி வைத்தார்.

"கட்டைவிரலுக்குள்ளயே ஒரு நாடி ஓடுதுங்க. இப்படிப் பிடிச்சா உங்களோடதைத்தான் எண்ணுவீங்க" என்று சிரித்தார் நர்ஸ். சிரித்துக்கொண்டே மாப்பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்தார். சிரிப்பு அப்படியே நின்றது. "நாப்பத்தி மூணு. சார், நீங்க படுங்க. ஐயா, நீங்க எழுந்திருங்க."

மாப்பிள்ளையின் நெஞ்சில் ஈ.சி.ஜி. கம்பிகளை ஒட்டினார்கள். காகிதம் நீளநீளமாக வந்தது. டாக்டரம்மா அதைப் பார்த்து நெற்றியைச் சுருக்கி, இரண்டு பேருக்கும் ரத்தம் எடுக்கச் சொன்னார். மாமனார் கட்டிலின் ஓரத்தில் நின்று மருமகனின் கையை விடாமல் பிடித்துக்கொண்டார்.

ஒரு மணி நேரம் கழித்து டாக்டரம்மா இரண்டு சீட்டுகளோடு வந்தார்.

"நீங்க மாமனாரோட மாத்திரையை எடுத்துச் சாப்பிடறீங்களா?"

"நானா? தினமும் என் கையால அரைச்சு, அவர் டீயில கலந்து கொடுக்கறேங்க. பெட்டியைப் பூட்டிச் சாவியை இடுப்புல வச்சிருக்கேன்."

"அரைச்சா? எதுக்கு அரைக்கிறீங்க?"

"என் மனைவிதான் அரைங்கன்னு சொல்லிட்டுப் போனா."

நர்ஸ் மாப்பிள்ளையின் மனைவிக்குப் போன் போட்டு, ஒலியைக் கூட்டி வைத்து, விஷயத்தைச் சொன்னார்.

"அரை மாத்திரைன்னு சொன்னேங்க" என்றாள் அவள். "பாதி. அதைத்தான் அரைங்கன்னு சொன்னேன். முழுசையா கொடுத்தீங்க? ஐயோ, அப்பா எப்படி இருக்கார்?"

"அது அளவுப் பெயர், மாப்பிள்ளை" என்றார் மாமனார். "நீங்க ஏவல் வினையா எடுத்துக்கிட்டீங்க."

"சரி, அரைச்சது ஒரு தப்பு. கட்டைவிரல் ரெண்டாவது தப்பு" என்றார் டாக்டரம்மா. "நல்லவேளை, நேரத்துக்கு வந்தீங்க. ரெண்டு நாள் படுத்துக் கிடந்தா சரியாயிடும். ஆனா எனக்கு ஒண்ணு மட்டும் புரியல. பெரியவர் ரத்தத்துல இந்த மருந்து ஒரு பொட்டுகூட இல்ல. அதான் நூத்திப் பன்னெண்டு. உங்க ரத்தத்துல தளும்புது. அவருக்குக் கலந்த டீ உங்க வயித்துக்குள்ள எப்படிப் போச்சு?"

போனுக்குள் மனைவி "என்னங்க, என்னங்க?" என்றாள்.

மாமனார் மருமகனின் கையை மெதுவாக விட்டுவிட்டுத் தரையைப் பார்த்தார்.

"அவர் பெட்டியைப் பூட்ட உள்ள போவாரில்லம்மா, அப்ப கப்பை மாத்தி வச்சிடுவேன், அவரோடதுலதான் சர்க்கரை இருக்கும்."