காந்தம் ஒட்டிய கல்

அடுத்தவர் வேலையில் குறை கண்டுபிடிப்பதற்காக மாதச் சம்பளம் வாங்குகிறவன் நான். ஒரகடத்தில் இரும்பை உருக்கி வண்டிப் பாகங்கள் வார்க்கும் ஒரு கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். வார்த்து வரும் பாகத்தில் குண்டூசி முனை அளவுக்குக் காற்றுத் துளை இருந்தாலும் மஞ்சள் பெயின்ட் அடித்து ரிஜெக்ட் பெட்டியில் போட்டுவிடுவேன். அந்தத் துளைக்கு எங்கள் பாஷையில் புளோ ஹோல் என்று பெயர். ‘மதுரை கண்ணுலேர்ந்து ஒரு புளோ ஹோலு தப்பாதுப்பா’ என்று பாகங்கள் வரிசையாக வந்து இறங்கும் லைனில் பேர் வாங்கியிருந்தேன். (என் ஊர் கோவில்பட்டி. செங்கல்பட்டுக்குத் தெற்கே பிறந்த அத்தனை பேரும் அவர்களுக்கு மதுரைதான்.) அப்பேர்ப்பட்ட கண்ணை வைத்துக்கொண்டு நான் செய்த காரியத்தைத்தான் இப்போது ஒப்புக்கொள்ளப் போகிறேன்.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. விண்கல் பைத்தியம் பிடித்திருந்தது. போனில் நான் பார்க்கும் வீடியோக்களில் ஒருவர் பாலைவனத்தில் நடந்து நடந்து விண்கல் பொறுக்குவார். உலகத்தில் இதுவரை கிடைத்த விண்கற்களை எல்லாம் ஒன்றாகக் குவித்தாலும், ஒரு வருடத்தில் தோண்டி எடுக்கிற தங்கத்தின் எடைகூடத் தேறாதாம். அவர் அதைச் சொன்னதிலிருந்து நான் குனிந்த தலை நிமிராமல் நடக்க ஆரம்பித்தேன். ஊரில் அம்மாவிடம் யாரோ ‘உங்க பையன் ரொம்ப அடக்கமாயிட்டான்’ என்று சொல்லியிருக்கிறார்கள்.

ஒருநாள் டீ பிரேக்கில், உலையிலிருந்து எடுத்த கசடைக் கொட்டும் இடத்தின் ஓரமாக நின்று அந்த ஆளின் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தேன். விண்கல்லை அடையாளம் காண நான்கு சோதனைகள் என்றார். கருப்பாக இருக்க வேண்டும். கனமாக இருக்க வேண்டும். காந்தம் ஒட்ட வேண்டும். நான்காவதைச் சொல்ல வாயைத் திறந்தபோது சைரன் அடித்துவிட்டது. போனைச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு ஓடினேன்.

லைனுக்குப் போய்ப் பையைத் தடவினால் போன் இருக்கிறது, பிளக் கேஜ் இல்லை. பிளக் கேஜ் என்பது துளையின் அளவு சரிதானா என்று பார்க்கும் எஃகுக் கட்டை. ஒரு முனை துளைக்குள் போக வேண்டும், மறுமுனை போகக்கூடாது. விரல் நீளம்தான். ஆனால் அதற்கு நம்பர் உண்டு, ரிஜிஸ்டர் உண்டு, கையெழுத்து உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக அமுதா உண்டு.

அளவுக்கருவி அறைக்கு அவள்தான் பொறுப்பு. குன்றத்தூர்க்காரி. தற்காலிக வேலை. பாகம் வாங்கும் கம்பெனி ஆள் அனுப்பிச் சோதிக்கும் அடுத்த கஸ்டமர் ஆடிட்டில் அவள் ரிஜிஸ்டரில் ஒரு குறையும் இல்லையென்றால் நிரந்தரம், இருந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். எனக்கு அவளைப் பிடிக்கும். (பிடிக்கும் என்றால், கேஜ் வாங்கப் போகும்போது மட்டும் தலை சீவிக்கொண்டு போவேன்.) அவளிடம் போய்த் தொலைத்துவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

“இன்னாங்க, கேஜு எங்க?” என்று கேட்பாள்.

“லைன்ல கெடக்குங்க. நாளைக்குக் கொண்டாந்திருதேன்.”

இப்படியே மூன்று வாரம் ஓட்டினேன். அவளும் நம்பி, ரிஜிஸ்டரில் ‘லைனில் உள்ளது’ என்று எழுதிக்கொண்டே வந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் கல் கிடைத்தது. ஒரகடத்துக்குப் பக்கத்தில் வல்லத்தில் என் ரூமுக்குப் பின்னால் இருந்த பள்ளமான மனையை லாரி லாரியாக மண்ணும் கல்லும் கொட்டி மேடாக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பல் தேய்த்துக்கொண்டே பார்த்தேன். தேங்காய் அளவில் கன்னங்கரேல் என்று ஒன்று கிடந்தது. தூக்கினேன், கனம். பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத்தைக் கொண்டுவந்து வைத்தேன். டப்பென்று ஒட்டியது. வாயிலிருந்த பேஸ்ட்டை அப்படியே விழுங்கிவிட்டேன்.

கல் முழுக்க ஓட்டை ஓட்டையாக இருந்தது. காற்று மண்டலத்தில் எரிந்து வந்த தழும்பு என்று நானே முடிவு செய்துகொண்டேன். குளிப்பாட்டி, துடைத்து, என் தலையணையில் படுக்க வைத்தேன். நைட் ஷிப்ட் முடிந்து வந்த ரூம்மேட் எசக்கி பார்த்துவிட்டு, “ஏலே, கல்லுக்குத் தலையணையா? அப்பம் நீ எங்கனல படுப்ப?” என்றான். தரையில்தான் படுத்தேன்.

மறுநாள் அதைத் துண்டில் சுற்றி கம்பெனிக்கு எடுத்துப் போனேன். முதலில் பார்க்க வேண்டியவள் அமுதா. விண்கல்லைப் பார்த்த மகிழ்ச்சியில் கேஜை மறந்துவிடுவாள் என்று ஒரு கணக்கு.

“கல்லு வானத்துலேர்ந்து வந்தது இருக்கட்டும்ங்க. கேஜு எப்ப வரும்? நாளிக்கு ஆடிட்டு” என்றாள்.

அவள் கண் கலங்கிவிட்டது. உண்மையைச் சொல்லியிருப்பேன். அதற்குள் மேனேஜர் வந்துவிட்டார். விண்கல் என்றதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. “ஆடிட்டர் முன்னாடி வைப்போம்யா! நம்ம கம்பெனி ஆளுங்க பார்வை எவ்ளோ ஷார்ப்புனு தெரியட்டும்!” என்றார்.

மறுநாள் மீட்டிங் ஹாலில் பச்சைத் துணி விரித்து, சாமந்திப்பூ வைத்து, நடுவில் என் கல்லை உட்கார வைத்தார்கள். ‘விண்கல். கண்டெடுத்தவர்: குவாலிட்டி பிரிவு’ என்று ஒரு அட்டை. பக்கத்தில் நான், இஸ்திரி போட்ட யூனிஃபார்மில். சுவரோரமாக அமுதா, ரிஜிஸ்டரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு.

ஆடிட்டர் தலை நரைத்தவர். வாழ்நாள் முழுக்க உலைப் பக்கமே நின்றவராம். கல்லைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“தம்பி, இதுல இந்த ஓட்டை எல்லாம் என்ன?”

“வானத்துல எரிஞ்ச தழும்பு சார்.”

“சரி. இதே ஓட்டை உங்க லைன்ல வர்ற பாகத்துல இருந்தா அதுக்கு என்ன பேரு?”

நான் குனிந்து ஓட்டைகளைப் பார்த்தேன்.

“புளோ ஹோல் சார்” என்றேன்.

“விண்கல்லுல இப்படிக் காத்துத் துளை இருக்காது தம்பி. அதுதான் முக்கியமான சோதனையே. இது உங்க உலைக் கசடு.”

(நான்காவது சோதனை! சைரன் அடித்தவன் நன்றாக இருக்கட்டும்.)

சந்தேகம் வேண்டாம் என்று ஒரு சுத்தியல் வரவழைத்தார். பச்சைத் துணி மேலேயே ஒரு போடு போட்டார். கல் இரண்டாகப் பிளந்தது. உள்ளேயிருந்து விரல் நீளத்தில் ஒரு எஃகுக் கட்டை தலையை நீட்டியது.

எனக்கு அது என்ன என்று தெரிந்துவிட்டது. அன்று கசடு ஓரத்தில் சட்டைப் பையிலிருந்து விழுந்தது; அதன் மேல் சூடான கசடைக் கொட்டியிருக்கிறார்கள்; கசடு லாரியில் ஏறி என் ரூமுக்குப் பின்னாலேயே வந்து இறங்கியிருக்கிறது. என்னைத் தேடி வந்திருக்கிறது சனியன்.

ஆடிட்டர் துணியால் துடைத்து, கண்ணாடியை இறக்கி, நம்பரை எழுத்து எழுத்தாக வாசித்தார். அமுதா ரிஜிஸ்டரைப் பிரிக்கவே இல்லை. அவளுக்கு அந்த நம்பர் மனப்பாடம்.

ஆடிட்டர் அவளிடமிருந்து ரிஜிஸ்டரை வாங்கிப் புரட்டினார். “ஏம்மா, இது லைன்ல இருக்குன்னு எழுதியிருக்கியே?” என்றார்.

அவள் முகம் வெளிறியது. அதற்கு மேல் என்னால் சும்மா நிற்க முடியவில்லை.

“அவங்க மேல தப்பில்ல சார். நாந்தான் தொலைச்சேன். மூணு வாரமா லைன்ல இருக்குன்னு பொய் சொன்னேன்.”

சொல்லி முடித்ததும் வெட்கத்தில் காது சுட்டது. மேனேஜர் சாமந்திப்பூவையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆடிட்டர் என்னை ஒரு பார்வை, கல்லை ஒரு பார்வை பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

“விண்கல் கிடைக்கிறது அரிதுதான். தொலைஞ்ச கேஜ் திரும்பி வந்து நான் பார்த்ததே இல்ல. கேஜ் கிடைச்சாச்சு, தொலைச்சவரும் கிடைச்சாச்சு. ரிஜிஸ்டரை இப்பவே சரி பண்ணும்மா. எங்க கிடைச்சுதுன்னு எழுது, கையெழுத்துப் போடறேன்.”

அமுதா பேனாவை எடுத்தாள். என்னைப் பார்த்த பார்வையில் கொலைவெறி இருந்தது. ‘கிடைத்த இடம்’ என்ற கட்டத்தில் அழுத்தி எழுதினாள்: ஆகாயம். ஆடிட்டர் அதன் பக்கத்திலேயே கையெழுத்துப் போட்டார்.

அவளுக்கு வேலை நிரந்தரமானது. எனக்கு மெமோ. அதற்குப் பிறகு ஒரு மாதம் அவள் என்னோடு பேசவில்லை. பேச ஆரம்பித்தபோது, “தெனம் புளோ ஹோலு பாத்துக்கினு கீறீங்களே, அது கூடவா தெர்ல?” என்று ஆரம்பித்தவள்தான், இன்றுவரை நிறுத்தவில்லை. குன்றத்தூரில்தான் எங்கள் கல்யாணம் நடந்தது.

பெண் பார்க்கப் போன அன்று, “ஒரே ஒரு கண்டிசன்” என்று சொல்லி அவள் நீட்டியது ஒரு நோட்டு. எங்கள் வீட்டில் கத்தரிக்கோல், டார்ச், குடை எதை எடுத்தாலும் நான் அதில் கையெழுத்துப் போட்டாக வேண்டும். போன வாரம் புதுக்குடையை எங்கேயோ விட்டுவிட்டேன். சொல்லத் தைரியமில்லாமல், நாமே எழுதிவிடலாம் என்று நோட்டைப் பிரித்தால், அவள் முந்திக்கொண்டிருந்தாள்.

பொருள்: குடை. எடுத்தவர்: இவர். இருக்கும் இடம்: லைனில் உள்ளது.